சிவப்புக் கட்டத்து வெண்டைக்காய்

வேதியியல் முதுகலை முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை வெண்டைக்காய் பறிப்பதை மேற்பார்வை பார்ப்பது. கடலூரில் வாடகைக் கட்டடம் ஒன்றின் மாடியில் இயங்கிய ஒரு தனியார் ஆய்வுக்கூடம் அது. இப்போது அது இல்லை. சிதம்பரம் வடக்கு வீதியில் இருந்த எங்கள் வீட்டில், பெண் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை.

ஒரு காயில் ஒரு பூச்சிமருந்து எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் எண் உண்டு. அதற்கு மேல் போனால் அந்தக் காயை விற்கக் கூடாது. புதிய மருந்து வரும்போது அந்த எண்ணை முடிவு செய்ய, நாட்டில் பல ஊர்களில் வயல் பிடித்து, மருந்தை அளந்து அடித்து, குறிப்பிட்ட நாட்களில் காயைப் பறித்துச் சோதிப்பார்கள். மருந்து எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்து எண்ணைக் குறிப்பார்கள். அப்படிப் பிடித்த வயல்களில் ஒன்று குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நான் பொறுப்பு.

வயலை மூன்று கட்டங்களாகப் பிரித்திருந்தோம். வெள்ளைக் குச்சி நட்ட கட்டத்தில் மருந்தே கிடையாது. பச்சையில் பாட்டிலில் சொன்ன அளவு. சிவப்பில் அதைப்போல் இரண்டு மடங்கு. சோதனைக்கு எடுத்ததுபோக மிச்சக் காய் எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது. போனால் எழுத்தில் பதிய வேண்டும், பதிந்தால் அந்தப் பருவமே செல்லாமல் போகலாம். மருந்து செய்த கம்பெனிக்காரர்கள் எங்கள் தலைமை ஆய்வாளரைக் கேட்பார்கள், அவர் என்னைக் கேட்பார்.

பறிப்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். நான் சொல்லப்போவது அவர்களில் ஒருவரைப் பற்றி. அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும், எனக்கு இருபத்து நாலு. அவர் என்னை மேடம் என்றார். நான் அவரை நீ என்றேன், வா போ என்றேன். மூன்று பேரில் அவர்தான் வேலையில் சுத்தம். காம்பை நகத்தால் கிள்ளாமல் கத்தியால் வெட்டுவார். கையுறையைக் கழற்ற மாட்டார். ஒரு கட்டத்தின் கூடையை இன்னொரு கட்டத்துக்குள் கொண்டுபோக மாட்டார். ஒன்பது வயதில் ஒரு பெண்ணும் ஆறு வயதில் ஒரு பையனும் அவருக்கு. கணவர் கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றும் ஒப்பந்த வேலையில் இருந்தார்.

மருந்து அடித்த மூன்றாம் நாள் காலை நான் சிவப்புக் கட்டத்துக்குள் போனபோது செடிகளில் புதிதாக வெட்டிய காம்புகள் தெரிந்தன. அன்றைய சோதனைக்கு வேண்டிய அளவு காய் அந்தக் கட்டத்தில் மிஞ்சவில்லை. யார் வெட்டியது என்று வெட்டின சுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மதியம்வரை பொறுத்திருந்தேன்.

மோட்டார் கொட்டகை நிழலில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்ததும் போய் நின்று, டப்பாவைத் திறக்கச் சொன்னேன். அவர் டப்பாவில் சோறும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் இருந்தன.

“எந்தக் கட்டத்துல பறிச்ச?”

“செவப்புல மேடம்.”

“ஏன் அதுல?”

“மத்ததுல எல்லாம் ஓட்ட விழுந்து கெடக்குது. அதுலதான் புழு இல்லாம பளபளன்னு இருந்துச்சி. குழியில போட்டு மூடத்தான போறோம், வீணா போவுதேன்னு நேத்து சாயங்காலம் கொஞ்சூண்டு எடுத்தேன்.”

“கொட்டு.”

அவர் புரியாமல் பார்த்தார். குழியைக் கை காட்டினேன். எழுந்து போய் டப்பாவைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தும் போட்டார். மற்ற இரண்டு பேரும் தங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெம்பாக இருந்தது.

டப்பாவை மூடிக்கொண்டு வந்தவர் கேட்டார்:

“புள்ளைங்களும் சாப்ட்டுச்சிங்க மேடம். நேத்து ராத்திரியும் சாப்ட்டுச்சிங்க, காலையிலயும் சாப்ட்டுச்சிங்க. ஏதாச்சும் ஆயிடுமா?”

எனக்குப் பதில் தெரியும். மனிதர்களுக்கு நஞ்சு குறைவு என்று சொல்லி வந்த மருந்து அது. ஒரு குழந்தை நாள் முழுக்க எவ்வளவு உட்கொண்டால் தாங்கும் என்ற அளவு என் பையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. இரண்டு மடங்கு அடித்திருந்தாலும், அலசிக் கொதிக்கவைத்த ஒரு கரண்டிக் குழம்பு அதன் பக்கத்தில்கூட வராது. ஒன்றும் ஆகாது என்று சொல்லி முடிக்க மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது.

“எனக்கெப்படித் தெரியும்? அதுல ரெண்டு பங்கு அடிச்சிருக்கு. தின்னது நீங்கதானே. பாத்துக்க.”

மற்ற இரண்டு பேருக்கும் பயம் வர வேண்டும், இனி ஒருவரும் வயலில் கை வைக்கக் கூடாது என்று நினைத்து அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து என் வயிற்றில் இருந்த பயத்தை அவருக்குக் கைமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அதற்கப்புறம் நான் செய்தது இது. வயலின் ஓரத்தில், மருந்து சரியாகப் படாத வரிசைகள் இருந்தன. எந்தக் கணக்கிலும் சேராத செடிகள். அவற்றிலிருந்து பறித்துச் சிவப்புக் கட்டத்துப் பையை நிரப்பினேன். படிவத்தில் ‘முறை மீறல் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐஸ் பெட்டியை ஆய்வுக்கூட வண்டியில் ஏற்றிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் போன் வந்தது. தெரியாத எண். அவர்தான்.

“மேடம், கடலூர் ஆஸ்பத்திரியில இருக்கேன். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சேன். பையன் துவண்டு துவண்டு விழுறான். டாக்டரு மருந்து பேரு கேக்குறாங்க. சொல்லுங்க மேடம்.”

“பேரு எனக்குத் தெரியாது. நம்பர்தான் போட்டிருக்கும். கேட்டுச் சொல்றேன்.”

பேர் எனக்குத் தெரியும். தலைமை ஆய்வாளரைக் கூப்பிட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேரச் சொன்னா நம்ம வயல்னு ஆயிடும். ஒண்ணும் ஆவாதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன ஆஃப் பண்ணிடும்மா.”

ஆஃப் செய்தேன். வீட்டுக்கு வந்தால் அன்று அம்மா வெண்டைக்காய்ப் பொரியல் செய்திருந்தார், கடைத்தெருவில் வாங்கியது. எந்த வயல், என்ன மருந்து, அடித்து எத்தனை நாளில் பறித்தது என்று யாருக்கும் தெரியாத காய். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மருந்தின் பேர் தெரியாததால் ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகளுக்கும் மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். தெரியாத நஞ்சு என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? பெண் தாங்கிக்கொண்டாள். உப்புத்தண்ணீரில் ஏற்கெனவே சுருண்டிருந்த பையன் திமிறியதில் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தான். வெண்டைக்காய் அவனை ஒன்றும் செய்யவில்லை. இதெல்லாம் வயலுக்கு வந்த மற்ற இரண்டு பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் பூச்சிமருந்தை மருந்து என்றுதான் சொல்வோம். ‘மருந்து குடிச்சிட்டா’ என்றால் யாரும் காய்ச்சல் மருந்து என்று நினைக்க மாட்டார்கள். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மருந்து, மருந்து என்று அழுதால் ஆஸ்பத்திரியில் என்ன எழுதுவார்களோ அதையே எழுதினார்கள். போலீஸ் வந்தது. புருஷனோடு சண்டையா, நீயும் குடித்தாயா, எங்கே வாங்கினாய் என்று கேட்டது. ‘மருந்தடிச்ச காய’ என்று அவர் சொன்னது, ஊருக்கு வந்து சேர்ந்தபோது ‘மருந்து வச்சா’ என்று ஆகியிருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் கணவர் வயலுக்கு வந்தார். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“மேடம், நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். இங்க பறிச்ச காயத்தான் கொழம்பு வச்சேன்னு அது சொல்லுது. எங்கம்மா நம்ப மாட்டேங்குது. ஸ்டேஷன்லயும் எழுதி வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுத்தா போதும்.”

எழுதிக் கொடுத்தால் நான் போட்ட கையெழுத்து பொய்யாகும்.

“இந்த வயல்ல ஒரு காய் கூட வெளிய போவல. எல்லாத்துக்கும் எழுத்து இருக்கு. வேணும்னா பாருங்க” என்று படிவத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கக்கா. அது டப்பாவுல வெண்டக்காதான் கொண்டாந்துச்சா?”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிரித்தவர் சொன்னார்: “நாங்க பாக்கல.”

“அப்போ வூட்டுக்குள்ள எங்கேருந்து வந்துச்சி மருந்து?”

அதை அவர் எங்களிடம் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போலீஸ் அந்தப் பெண்ணை எச்சரித்து விட்டுவிட்டது. மாமியார் விடவில்லை. பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் அப்பாவோடு இருந்துவிட்டார்கள்.

பருவம் முடிந்தது. அறிக்கை போனது. சில வருஷம் கழித்து அந்த மருந்துக்கும் வெண்டைக்காய்க்குமான எண் அரசிதழில் வந்தது. அதில் என் வயலின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தலைமை ஆய்வாளர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஸ்வீட் வாங்கிவந்து எல்லார் மேஜையிலும் வைத்தார். எனக்கு இரண்டு வைத்தார்.

போன வருஷம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சிதம்பரம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். பக்கத்தில் வந்து நின்ற பெண், “மேடம்தானே?” என்றார். அவர் பாதி நரைத்திருந்தார். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறாராம். என் பக்கத்தில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“உங்கள நான் நெனைக்காத நாள் இல்ல மேடம். நீங்க மட்டும் அன்னிக்கு ரெண்டு பங்குன்னு சொல்லலன்னா நான் சும்மா இருந்திருப்பேன். புள்ளைங்க போயிருக்கும். உங்களாலதான் உசுரோட இருக்குதுங்க.”

“பாக்குறீங்களா அவங்கள?”

“பொண்ணு காலேஜு போவுது. என்னப் பாத்தா பேசாது. பையனுக்கு என்ன அடையாளமே தெரியாது. இருக்கட்டும். நல்லா இருக்குதுங்கல்ல.”

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பத்து வருஷமாக நெஞ்சில் கனத்ததை இறக்கிவைக்க ஆள் கிடைத்ததும் இறக்கிவிட்டேன். அந்தக் குழம்பு யாரையும் கொன்றிருக்காது, அது அன்றைக்கே எனக்குத் தெரியும், மருந்தின் பேரும் தெரியும், உங்கள் வீட்டுக்காரர் வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன்.

அவர் தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். அப்புறம் கேட்டார்:

“இப்ப எதுக்கு மேடம் சொன்னீங்க?”

உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் சொல்கிறேன் என்றேன்.

“மாமியா செத்துப்போச்சி. அவரு வேற ஒண்ணக் கட்டிக்கிட்டாரு. யாருகிட்ட சொல்லுவீங்க?” என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “நான் புள்ளைங்களக் காப்பாத்துனேன்னு நெனச்சிக்கிட்டாவது இருந்தேன்.”

வண்டி வந்தது. நான் ஏறிய பெட்டியில் அவர் ஏறவில்லை.

அந்த வாரமே அவர் கணவருக்கு நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதி, அடியில் என் போன் எண்ணையும் போட்டு அனுப்பினேன். அவர் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் மகள் கூப்பிட்டாள்.

“வெண்டக்கா கொழம்புதான் சாப்ட்டோம்னு நான் அப்பவே சொன்னேங்க. ஆஸ்பத்திரியிலயும் சொன்னேன், வூட்லயும் சொன்னேன். மேடமே இல்லங்கறாங்க, நீ அம்மாவுக்காகப் பொய் சொல்றியான்னு அப்பா அடிச்சாரு. அடிச்சி அடிச்சி, கடைசில நானும் அம்மாதான் எதையோ கலந்து குடுத்துச்சின்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் அதத் தாய்வீட்டுக்கு அனுப்புனாங்க.”

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

“லெட்டர் இனிமே போடாதீங்க. தம்பி படிச்சிடப் போறான்” என்று வைத்துவிட்டாள்.