போர்ட்டில் வந்த பூஜ்யங்கள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எனக்கொன்றும் கோபமில்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுகிற ஆள்தான் நானும். ஆனால் இது என் சொந்த அண்ணிக்கு நடந்தது. உடைந்த அவர் மூக்கை என் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

அண்ணன் ஃபிட்டர். அண்ணி புரோகிராம் எழுதுபவர். "இரும்பும் கம்ப்யூட்டரும் குடித்தனம் பண்ணுது" என்று வீட்டில் கிண்டல் செய்வோம். அண்ணன் வேலை பார்த்த பட்டறைக்கு, தகடு அமுக்கும் பெரிய ப்ரெஸ் ஒன்று பழைய சாமான் விலைக்கு வந்து இறங்கியது. அதற்குப் புது புரோகிராம் எழுதும் வேலையை முதலாளி அண்ணியிடமே கொடுத்தார்.

ப்ரெஸ்ஸோடு வந்த கைப்பெட்டியில் இரண்டு பொத்தான்கள். அழுத்தினால் வயர் வழியாகக் கம்ப்யூட்டரின் போர்ட்டுக்கு, அதாவது அந்த வயரைச் சொருகும் வாசலுக்கு, ஓர் எழுத்து வரும். பூஜ்யம் வந்தால் ப்ரெஸ் ஒரு சாண் இறங்கும். ஒன்று வந்தால் ஒரு சாண் ஏறும். வந்த எழுத்துகள் போர்ட்டில் வரிசை கட்டி நிற்கும். முன்னால் நிற்பதை எடுத்தால்தான் பின்னால் நிற்பது முன்னே வரும். சோதனைக்காக அண்ணி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். முன்னால் நிற்கும் எழுத்தை எடுக்காமல், எட்டி மட்டும் பார்த்துத் திரையில் காட்டும் புரோகிராம். என்டர் தட்டினால் ப்ரெஸ் அதன்படி நடக்கும். டெலீட் தட்டினால் எழுத்து குப்பைக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். பட்டறையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அடித்தகட்டைத் துடைக்க அண்ணன் கைப்பெட்டியோடு ப்ரெஸ்ஸுக்குள் நுழைந்தார்.

"மேல இருக்குறது இறங்காம முட்டுக்கட்டை வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றார் அண்ணி.

"அஞ்சு நிமிஷ வேலைம்மா. நீ என்டரைத் தொடாம இருந்தா போதும்."

திரையில் ஒரு பூஜ்யம் வந்து நின்றது.

"ஏங்க, விளையாடாதீங்க! பூஜ்யம் வருது."

"நான் பெட்டியையே தொடலையே..."

அண்ணி டெலீட்டை நோக்கி விரலை நீட்டினார். விரல் நகரவில்லை. ஈரமான, சில்லென்ற ஏதோ ஒன்று அதைப் பிடித்திருந்தது. பின்னால் வளைத்தது. சடக்! எலும்பு முறிந்தது. முறிந்த விரலையே இழுத்து என்டரில் குத்தியது.

டம்ம்ம்...

அண்ணன் போட்ட அலறலில் தகரக்கூரை அதிர்ந்தது. இரண்டு கையும் முழங்கை வரை ப்ரெஸ்ஸுக்கு அடியில். ப்ரெஸ்ஸின் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டியது. இன்னொரு சாண் இறங்கினால் நெஞ்சு.

கரண்டை நிறுத்தினால் ப்ரெஸ் அப்படியே நிற்கும், ஏறாது. ஏற வேண்டுமென்றால் போர்ட்டில் ஒன்று வந்தாக வேண்டும். கீபோர்டில் தட்டி ஏற்ற அண்ணி வழியே வைக்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"ஏங்க! ஒன்னை அழுத்துங்க! ஏங்க!"

திரையில் மறுபடி பூஜ்யம்.

இடது கையால் டெலீட். மறு நொடி, யாரோ பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார்கள். மூக்கு உடைந்தது.

அடுத்ததும் பூஜ்யம். டெலீட். மறுபடி மோதல். ஒரு பல் தெறித்து விழுந்தது.

பூஜ்யம். டெலீட். கழுத்தை நெரித்தது. மூச்சு முட்டியது...

"என் புருஷனை விடுடா, நாசமாப் போறவனே!"

பூஜ்யம். டெலீட்.

பூஜ்யம்... டெலீட்...

கண்ணில் ரத்தம். திரை மங்கியது.

ஒன்று.

என்டர்!

ர்ர்ர்ர்... ப்ரெஸ் ஏறியது. கழுத்துப் பிடி விட்டது. அண்ணி ஓடிப்போய் அண்ணனை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டார்.

அண்ணனின் வலது கை போய்விட்டது. உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் அண்ணி நெற்றியைத் தடவிக் கொடுத்துச் சொன்னார்.

"நல்லவேளை, எப்படியோ அழுத்திட்டீங்க."

அண்ணன் புரியாமல் பார்த்தார்.

"நான் எங்க அழுத்துனேன்? ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. பெட்டி முதல் அடியிலேயே தட்டையாப் போச்சே..."

 ப்ரெஸ்ஸை விற்றுக் கொடுத்த தரகரைத் தேடி நானும் அண்ணியும் போனோம். அந்த ஆள் முதலில் மழுப்பினார். நான் சட்டையைப் பிடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முன்னாடி இருந்த பட்டறையில அதுக்கு உள்ள ஒன்னு, வெளிய ஒன்னுன்னு ரெண்டு பெட்டி இருந்துச்சு. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான். ஏத்து, ஏத்துன்னு ஒன்னை அழுத்தியிருக்கான். வெளிய நின்னவனுக்கு அவன் மேல பழைய பகை. வெளிய இருந்தவன் விடாம பூஜ்யத்தை அழுத்தி அவனைக் கூழாக்கிட்டான். விபத்துன்னு சொல்லி மூடி மறைச்சுட்டாங்க."

அப்படியானால் ஒன்றை அனுப்பிக் காப்பாற்றியது அந்தச் செத்தவன். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கேட்டார்.

"அந்தக் கொலைகாரன் எப்பச் செத்தான்?"

தரகர் விழித்தார்.

"அவன் எங்கம்மா செத்தான்? பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக் கிடக்கான். உடம்புல ஒரு விரல் மட்டும்தான் அசையுது. அதால கட்டிலை அழுத்திக்கிட்டே இருக்கான்... ராத்திரி பகலா."