மூன்றரை மணி வரை ஒலிக்காத போன்

சபையார் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். மதுக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் சாந்தி நான். என் மகள் கிருபாவுக்கு ஒன்பது வயது. அவளுக்காக நீங்கள் எல்லோரும் ஜெபித்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் அவளிடம் கடியும் வாங்கியிருக்கிறீர்கள். அதனால் கர்த்தர் எங்களுக்குச் செய்ததை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

போன வருடம் இதே நாட்களில் நான் நொந்து நூலாகிப்போயிருந்தேன். இரண்டு பள்ளிக்கூடங்கள் கிருபாவுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டன. கோபம் வந்தால் கடிப்பாள், கையில் கிடைத்ததை வீசுவாள். அங்கே படித்தவரை தினமும் பதினோரு மணிக்குள் பள்ளியிலிருந்து போன் வரும். "வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்பார்கள். பாதி தைத்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடுவேன். ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அவளை எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன். பெற்றவள் கேட்கிற ஜெபமா அது? ஆனால் கேட்டேன்.

அதன் பிறகு என் ஜெபம் சின்னதாகிவிட்டது. சுகம் கேட்கவில்லை, அற்புதம் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், சாயங்காலம் பள்ளி விடுகிற மூன்றரை மணி வரை போன் வராமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகள் இருப்பதாகச் சொன்னார்கள். முதலில் காந்திபுரம் பக்கம் ஒன்றைப் பார்த்தோம். முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று தரை. வகுப்பில் ஒரு பிள்ளை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்ககிட்ட சத்தமே இருக்காதுங்க" என்றார் பொறுப்பாளர். எனக்குப் பரலோகம் மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஏன் இவ்வளவு அடங்கிக் கிடக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன்.

இரண்டாவது பள்ளி, போத்தனூர் பக்கம் ஒரு பழைய வீடு. உள்ளே நுழையும்போதே ஒரே கூச்சல். ஒரு பிள்ளை மேசைக்கு அடியில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு டீச்சர் சும்மா தரையில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல்தான் சேர்த்தேன்.

முதல் நாள். பதினோரு மணி ஆனது, போன் வரவில்லை. பன்னிரண்டு ஆனது, வரவில்லை. போன்தான் கெட்டுவிட்டதோ என்று பக்கத்துக் கடைக்காரரை என் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. மூன்றரை மணிக்குப் போய் நின்றால், வகுப்பு டீச்சர் ரேவதி கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கடிச்சுப்போட்டாளுங்களா?"

"ரெண்டு தடவைங்க. சோத்துத் தட்டையும் வீசிப்போட்டா."

"அப்புறம் ஏனுங்க எனக்குப் போன் பண்ணல?"

"எதுக்குங்க பண்ணோணும்? கடிக்கிற புள்ளைக்குத்தானுங்க இந்தப் பள்ளிக்கூடம்."

அந்த வாசலிலேயே விம்மி விம்மி அழுதேன். கேட்டதைக் கேட்டபடியே கர்த்தர் கொடுத்திருந்தார்.

அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு உண்டு. பழைய பள்ளிகளில் என் மகள் என்ன செய்தாள் என்று எழுதி அனுப்புவார்கள். இவர்கள், அவள் அதைச் செய்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து ரேவதி டீச்சர் அந்த நோட்டைக் காட்டினார்.

"நாலஞ்சு பேரு சுத்தி நின்னு சத்தமாப் பேசுனா கடிக்கறாளுங்க. புடிச்சு நிறுத்துனா இன்னும் மோசமுங்க. எங்கயாச்சும் இவளை அமுக்கிப் புடிச்சிருக்காங்களா அம்மணி?"

எங்கே என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவளை நடுவில் படுக்க வைத்தோம். கையைப் பிடித்தோம், தலையை அழுத்தினோம். அவள் அலற அலற, பிசாசு ஓடுகிறது என்று இன்னும் சத்தமாக ஜெபித்தோம். அன்பினால்தான் செய்தோம். ஆனாலும் தப்பு தப்புதான். அன்று அவள் காலைப் பிடித்தவள் நான்.

அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போதகர் ஐயாவிடம் சொன்னேன். எனக்கு விசுவாசக் குறைவு என்பாரோ என்று பயம். அவர் நோட்டை இரண்டு முறை படித்தார். "தெரியாமப் பண்ணிப்போட்டோமுங்க சிஸ்டர்" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் ஜெபித்தார். கிருபா தானாகப் போய் அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

இப்போது கடிப்பது அபூர்வம். கோபம் வந்தால் "எனக்கு வேணாமுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறாள். போன மாதம் டிவி ரிமோட் சுவரில் மோதிச் சிதறியது. சாட்சி சொல்கிறேன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். நானும் வீட்டில் சத்தத்தைக் குறைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் அதுதான் பெரிய அற்புதம் என்கிறார். ரேவதி டீச்சர் நெற்றியில் குங்குமம் வைக்கிறவர். யாரை அனுப்ப வேண்டும் என்று கர்த்தருக்கு நான் லிஸ்ட் கொடுக்க முடியுமா?

இப்படி ஒரு பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் அம்மாக்களே, வெட்கப்படாதீர்கள். பெரிய ஜெபம் வராவிட்டால் சின்னதாகக் கேளுங்கள், அவர் அதையும் கேட்கிறார். பள்ளிக்கூடம் பார்க்கப் போனால் தரையைப் பார்த்து மயங்காதீர்கள். என் பிள்ளை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப ஜெபத்தில் கிருபா முதன்முதலாகத் தானே ஜெபித்தாள். அவள் வகுப்பில் புதிதாக மீனா என்று ஒரு சிறுமி சேர்ந்திருக்கிறாள்.

"இயேசப்பா, மீனாவுக்கு ரொம்பக் கோவம் வருதுங்க. அவ கடிச்சாலும் யாரும் அவ காலைப் புடிக்காமப் பாத்துக்கோங்க."

அவள் அப்பாவுக்கும் எனக்கும் ஆமென் சொல்லக் குரல் வரவில்லை. எங்களுக்காக நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.