அவன் இளைத்தபோது

எனக்கு முன்பே அவனுக்கு வந்துவிட்டது. அதிலேயே எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாதுங்காவில் ஒரே பள்ளி, பிறகு ஒரே காப்பீட்டு அலுவலகம், ஓய்வு பெற்றதும் ஒரே வருடம். எல்லாவற்றிலும் எனக்கு அரையடி முன்னால் போனவன் அந்த நண்பன். ரத்தத்தில் ஒரு புரதம் வேண்டாத அளவுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டதிலும் ஆறு மாதம் முந்திக்கொண்டான். எங்கள் வயதில் இது அபூர்வமில்லை என்றாள் டாக்டர். இருவருக்கும் ஒரே டாக்டர். என் மகள் வயதுள்ள மராட்டிப் பெண். இது நோய் அல்ல, பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை இப்படியே இருந்துவிடும், சிலருக்கு மட்டும் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோயாக மாறும், உடம்பில் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றாள். வயதை ஒன்றும் செய்ய முடியாது, வயிற்றைக் குறைக்கலாமே என்று பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றும் சொன்னாள்.

இருவருக்கும் தொப்பை உண்டு. ஆகவே போட்டி ஆரம்பமாயிற்று. அவனுக்கு அது போட்டி என்றே தெரியாது என்பதுதான் என் பழைய கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரின் அறையில் ஓர் இயந்திரம் இருந்தது. வெறுங்காலுடன் ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால், உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, எவ்வளவு தண்ணீர் என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். மூன்று மணி நேரம் முன்பிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, கடிகாரம், பெல்ட், சில்லறை எதுவும் மேலே இருக்கக் கூடாது. நான் விதி தவறாமல் ஏறுவேன். அவன் காபி குடித்துவிட்டு, கடிகாரத்தோடு ஏறுவான். எட்டு மாதம் ஜோவார் என்கிற சோள ரொட்டியும் முளைகட்டின பயறும் தின்று நான் குறைத்தது தொள்ளாயிரம் கிராம். அவனுக்கு ஒன்பது கிலோ.

"அவர் எப்படி எளைச்சுட்டார், பாருங்கோ. நீங்களும் அதே டாக்டர்கிட்டத்தானே போறேள்?" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செம்பூரிலிருந்து வருவான். மாதுங்கா தோட்டத்தில் நடந்துவிட்டு ஹோட்டலுக்குப் போவோம். எனக்கு மோர், அவனுக்கு ரவா தோசை. பாதி தோசையை வைத்துவிட்டு எழுந்துகொள்ள ஆரம்பித்தான். எனக்குக் காட்டுவதற்காகவே கட்டுப்பாடு என்று நினைத்தேன். நடக்கும்போது முதுகு வலிக்கிறது என்று இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்தான். அவனைத் தாண்டி நடந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

ரகசியத்தைக் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, தானாக இறங்குகிறது என்றான். பள்ளியிலும் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் முதல் மார்க் வாங்குவான். நம்பவில்லை.

ஒரு நாள் தன் கடைசி சீட்டை என்னிடம் நீட்டினான். பார்க்கிறவர்கள் மேலே பெரிதாக இருக்கும் எடையைத்தான் பார்ப்பார்கள். நான் கடைசி வரிவரை படிக்கிறவன். கொழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. போனதெல்லாம் தசை. முப்பத்தைந்து வருடம் க்ளெய்ம் பிரிவில் மற்றவர்களின் மருத்துவச் சீட்டுகளைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். காரணமில்லாமல் எடை குறைந்ததா என்ற கேள்விக்கு எதிரே பதில் எழுதாமல் வந்த படிவங்களை ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் புரியாமல் இல்லை. அவனுடைய ரத்தப் பரிசோதனைக்குத் தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பதும் தெரியும். என் டைரியில் என் தேதிக்கு மேல் வரியிலேயே அவன் தேதியும் இருந்தது.

சீட்டை மடித்து, "பேஷ்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

பரிசோதனைக்குப் போனால் அதிலும் நல்ல எண்ணோடு வந்து நிற்பான், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காரணம் அவ்வளவுதான். அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பத்து வாரம் கழித்து, செம்பூர் வீட்டில் பால் பையை எடுக்கக் குனிந்தவனுக்கு முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிற்று. மாறக் கூடும் என்று டாக்டர் சொன்ன அது, மாறியிருந்தது. தொப்பையால் வந்ததா என்று அவன் மனைவி கேட்டதற்கு, தனி ஒரு மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றாள் டாக்டர். இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். முதுகெலும்பையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாள்.

வாரம் ஒருமுறை அவனை ஊசிக்கு டாக்ஸியில் அழைத்துப் போகிறேன். எந்த ஜன்னலில் முத்திரை, எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மருந்து அவனுக்குப் பசியைக் கிளப்புகிறது; முகம் உப்பி, வயிறு திரும்பி வந்துவிட்டது. நான் இளைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கிலோவுக்கும் பயமாக இருக்கிறது.

போன வாரம் ஊசி நாற்காலியில் அவன் சாய்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அந்தச் சீட்டில் தசை குறைந்ததைப் பார்த்தேன், தேதி தாண்டியதும் தெரியும், சொல்லவில்லை என்று.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் அந்தச் சீட்டைப் பார்த்துப் பயமாத்தாண்டா இருந்தது. அதான் உங்கிட்டக் காட்டினேன். ஒரு வரி விடாமப் படிப்பியே. நீ பேஷ்னதும் ஒண்ணுமில்லேன்னு நெனச்சுண்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். அந்த நிமிஷத்திலும் அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நர்ஸ் அன்றைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். அவன் அதைப் பிரிக்காமல் என் மடியில் வைத்தான்.

"படி. வாய்விட்டுப் படி."

முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.