பாதிச் சொந்தம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெரியவர் ஒருவர் முன்னால் போக, அரையடி பின்னால் இந்தப் பெண்மணி நடக்கிறார். கையைப் பிடிப்பதில்லை. "பிடிச்சா எனக்குத்தான் வசதி. அவங்களுக்கு நடையே மறந்துடும்" என்கிறார். பெரியவர் தடுமாறினால் மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒரு கை முளைக்கிறது.

பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் முதியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போய், வீட்டில் திரும்பக் கொண்டுவந்து விடுவது இவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. பையில் ஒரு ஸ்வெட்டர், உப்பு பிஸ்கட், யார் யாருடையதோ எக்ஸ்ரேக்கள். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று விழித்த வரவேற்பறைப் பெண்கள் கடைசியில் வைத்த பெயர், 'பாதிச் சொந்தம்'. "பாதி போதும்மா. முழுசுன்னா சண்டை வரும்" என்று சிரிப்பார்.

இவருடைய ஒரு பழக்கம் டாக்டர்களுக்கு எரிச்சல். "பெரியவருக்குத் தூக்கம் வருதா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டால் பதில் வராது. சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படத்தை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல் டாக்டர் பெரியவர் பக்கம் திரும்புவார்.

போன மாதம் ஒரு சிக்கல். எண்பத்தொரு வயது எலெக்ட்ரீஷியன், மனைவி இல்லை, ஒரே மகன் கடல் கடந்து இருக்கிறார். குடலில் கட்டி என்று டாக்டர் மகனுக்குத் தெரிவித்ததும், அவர் இவரைப் போனில் கூப்பிட்டுப் படபடத்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அல்சர்னு சொல்லுங்க. தாங்க மாட்டார்."

"நீங்க இருக்கிற ஊர்ல டாக்டர் யார்கிட்டங்க சொல்வார்?"

"அங்க நேரா நோயாளிகிட்டதான். அது வேறங்க. நம்ம பெரியவங்களுக்கு நாமதான் முடிவு பண்ணணும்."

"நானா வாய் திறக்க மாட்டேன். அவரே கேட்டா எனக்குப் பொய் வராதுங்க."

பெரியவர் வண்டியில் ஏறியதுமே கேட்டுவிட்டார். இவர் டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னார். பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இரண்டு தடவை ஏற்றி இறக்கினார். பிறகு, "ஏம்மா, ஒயர் மொத்தமும் போச்சா, ஒரு இடத்துலயா?" என்றார்.

"ஒரு இடம்தான் ஐயா. வெட்டி இணைச்சிடலாம்ங்கிறாங்க."

"அப்ப வெட்டச் சொல்லு."

மகன் அன்றே இவரை நிறுத்திவிட்டார். "அன்னிக்கு அப்பாவுக்குச் சோறு இறங்கல. மனுஷன் உடைஞ்சு போயிருந்தா யாருங்க பொறுப்பு?" என்று, இதை எழுதும் என்னிடம் பிறகு சொன்னபோதும் மகனின் குரல் இறங்கித்தான் இருந்தது. நிறுத்திய மறுநாள் காலை பெரியவரே இவருக்குப் போன் செய்தார். "அவன் நிறுத்திட்டானா? சரி. இப்ப நான் கூப்பிடறேன். பத்து மணிக்கு வா."

அறுவை சிகிச்சையன்று மகன் பெட்டியோடு நேராக மருத்துவமனைக்கே வந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் இரண்டு நாற்காலி காலியாக விட்டு, இருவரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "கட்டியை எடுத்தாச்சு. நல்லா முழிச்சிட்டார். ஒருத்தர் மட்டும் வாங்க."

இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

இவர் பைக்குள் கைவிட்டு ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "பல்செட்டுங்க. இது இல்லாம யார்கிட்டயும் பேச மாட்டார்" என்று அதை மகன் கையில் வைத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.