சட்னியை நம்பி மலை ஏறினேன்

தங்கவயல் ஊரிகம் ஸ்டேஷனில் தினமும் பெங்களூரு ரயில் ஏறுகிற நானும் என் தோழி ஷீலாவும் காலைச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்வோம். இட்லி என்னுடையது, சட்னி அவளுடையது. ஒரு நாளும் தவறியதில்லை.

அதே பழக்கத்தில், குடகு மலையில் நான்கு நாள் நடைப்பயணம் போனபோது கூடாரத்தையும் அடுப்பையும் நான் சுமந்தேன். அவல், ராகி மாவு, கடலை உருண்டை எல்லாம் அவள் பொறுப்பு. அவள் பையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் அதிலிருந்து இரண்டு பாக்கெட் நூடுல்ஸ் மட்டும்தான் வந்தது.

"மத்ததெல்லாம் இன்னாடி ஆச்சி?"

"வெயிட்டா இருந்துச்சி, வூட்லயே வெச்சிட்டேன். சொன்னா நீ வரமாட்ட."

மறுநாள் ஏற்றத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாறையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன், பக்கத்திலேயே பள்ளம். முகத்தில் தண்ணீர் தெளிக்கக் குனிந்த ஷீலாவின் வாயில் கடலை உருண்டை வாசனை. தனக்கு மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த வாசனையைப் பொறுக்க முடியவில்லை.

பின்னால் வந்த ஒரு குடும்பம் கொடுத்த சித்ரான்னத்தைச் சாப்பிட்டுத்தான் மலை இறங்கினேன்.

இப்போது எங்கே நடக்கப் போனாலும் என் சாப்பாடு என் முதுகில்தான். ஷீலா இன்றும் ரயிலில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். சட்னியை நானே அரைத்துக்கொண்டு வருகிறேன்.