பிரசங்க நேரத்துப் பின்னல்

ஞாயிறு கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் சின்னம்மா கைப்பையைத் திறந்து குறோசே பின்னுகிற ஊசியை வெளியே எடுத்துவிடுவார். அதிலிருந்து கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் யார் பார்க்கிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வாங்குப் பலகையில் இருந்தபடி திரும்பிப் பார்த்தாலே என் தொடையில் கிள்ளுகிற அம்மா, தன் தங்கையை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். வேதப்புத்தகத்தோடு ஊசியையும் வெள்ளை நூற்பந்தையும் பையில் வைத்துக் கொடுப்பவரே அவர்தான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சின்னம்மா, போர் முடிந்தபின் வன்னியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தவர். சித்தப்பாவையும் மகனையும் பற்றி யாரும் கதைப்பதில்லை. வந்த புதிதில், பாட்டெல்லாம் பாடிவிட்டு, எல்லோரும் அசையாமல் இருக்கும் பிரசங்க நேரத்தில் எழும்பிப் போய்விடுவார். வெளியே கோயில் கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி நிற்பார். அதற்குப் பிறகுதான் இந்த ஊசி வந்தது; ஊசி வந்தபின் எழும்பிப் போவதில்லை. காலையில் எனக்குத் தலை இழுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவதும் சின்னம்மாதான். அவர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

ஒரு ஞாயிறு மாதர் சங்கத்து அன்ரி அம்மாவை வாசலில் மறித்தார்.

“கோயிலுக்கை ஊசி நூலோடை இருக்கிறது வடிவே? வாற கிழமை போதகர் எல்லாருக்கும் முன்னாலை சொல்லத்தான் போறார்.”

அன்று மத்தியானம் குசினியில் சமைத்தபடி அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “கோயிலிலையும் மனம் நொந்தால் இவள் இஞ்சை இருக்கமாட்டாளப்பா. வெளிக்கிட்டுப் போயிடுவாள்.”

அந்தக் கிழமை முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

அடுத்த ஞாயிறு சின்னம்மாவை ஒட்டி இருந்துகொண்டு, பாட்டுப் புத்தகத்தை விரித்து அவர் கைகளுக்கு மறைப்புக் கட்டினேன். போதகர் எங்கள் பக்கம் பார்த்தார். பதறிப்போய்ச் சின்னம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்து ஊசியை மூடினேன். இழுத்த இழுப்பில் மடியிலிருந்த நூற்பந்து விழுந்து, நடுப்பாதையில் உருண்டு, நேரே போதகரின் காலடியில் போய் நின்றது.

பிரசங்கம் நின்றது. சின்னம்மா எழும்பிவிட்டார். முன்வாங்கைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தார். நான் அவருடைய சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போதகர் குனிந்து பந்தை எடுத்தார். நூலைச் சுற்றிக்கொண்டே எங்கள் வாங்கடிக்கு வந்தார்.

“இருங்கோ தங்கச்சி. நீங்களும் முடிக்கேல்லை, நானும் முடிக்கேல்லை.”

சின்னம்மா திரும்பவும் வாங்கில் இருந்தார். அன்ரி பலமாக விசிறிக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பின்னல் என்னவாகப் போகிறது என்று அறிய ஆவலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா கட்டிலில் இருந்துகொண்டு, பின்னியது முழுவதையும் உருவிப் பந்தாகச் சுற்றினார்.

“ஏன் சின்னம்மா கழட்டுறியள்?”

“வாற ஞாயிறுக்கு நூல் வேணுமெல்லோ.”

பாவம், சின்னம்மாவுக்கு ஒழுங்காகப் பின்ன வராது. பின்னல் பிழையாகிப்போவதால்தான் கழற்றுகிறார் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் பின்னல் படித்து வந்து, வடிவான தொப்பி ஒன்றைத் தொடங்கி முடிக்க நானே பழக்கிவிடுவதாக வாக்கும் கொடுத்தேன்.

“ஓம், பழக்கு” என்றார் சின்னம்மா.