இடப்பக்கத்து நாரைகள்

விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டில் பாணுக்கான இடம் இடப்பக்க மூலை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் வைப்பேன் என்று பெருமையடித்திருக்கிறேன். அந்த ஏப்ரல் காலை நான் அடுக்கி அனுப்பிய தட்டுகள் வண்டியோடு திரும்பி வந்தன. ஒன்றிலும் பாண் இல்லை, வெண்ணெய் இல்லை. வலப்பக்கம் மட்டும் குறையில்லாமல் நிறைந்திருந்தது.

மேற்பார்வையாளர் ஒரு தட்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். எனக்கு அது முழுத் தட்டாகத்தான் தெரிந்தது. அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது என்று பிறகு சொன்னார். அம்புலன்சுக்கு அழைத்ததும் அவர்தான்.

ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, மூளையின் ஒரு பகுதி செயலிழப்பது). எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கையும் காலும் இரண்டு கிழமையில் சொன்ன சொல் கேட்கத் தொடங்கின. போனது பார்வையில் பாதி. ஹெமியானோப்சியா (இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை இல்லாமற்போவது) என்றார்கள். கண்ணில் ஒரு பிழையும் இல்லை. கண் அனுப்புவதை வாங்கிப் பார்க்கிற இடம் மூளையின் பின்புறத்தில் இருக்கிறது, அடிபட்டது அந்த இடம்தான்.

அந்தப் பாதி இருட்டாக இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருட்டென்றால் ஏதோ குறைகிறது என்றாவது தெரியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? அப்படித்தான் எனக்கு இடப்பக்கம். என் கணவர் அந்தப் பக்கம் வந்து நின்றால் குரல் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பயந்தேன்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அபிராவுக்குப் பதினாறு. சின்னவள் லயாவுக்கு மூன்று. கார்டெரியில் (பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) இன்னும் இடம் கிடைக்காததால் கணவரும் நானும் மாறி மாறி வேலைக்குப் போனோம், நான் வேலையில் இல்லாத நேரமெல்லாம் அவள் என்னோடுதான் வளர்ந்தாள். நான் வைத்தியசாலைக்குப் போன அன்று வில்லரேயில் இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, அவளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வீடு வந்த பிறகும் பிள்ளை வரவில்லை. கோடை முடிவில் பரிசோதித்துப் பார்த்துத்தான் பிள்ளையை என் பொறுப்பில் தனியே விடலாமா என்று சொல்வோம் என்றார் மருத்துவர். கிழமைக்கு ஒரு நாள் மச்சாள் அவளைக் கொண்டுவந்து காட்டினார். என் பிள்ளையை எனக்கு விருந்தாளி போலக் கொண்டுவந்து காட்டினார்கள். அவளைத் திரும்ப எடுப்பதைத் தவிர அந்தக் கோடையில் எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை மீளப் பழக்குபவர்) வாகனம் வராத நீண்ட பாதை ஒன்றில் நடக்கச் சொன்னார். வெர்டனில் தொடங்கி லசாலில் ஆறு பாறைகளில் மோதி இரைகிற நீரோட்டம் வரை ஆற்றங்கரையோடு ஒரு பாதை போகிறது. அதைத் துண்டு துண்டாக நடப்பதென்று முடிவெடுத்தோம். கணவருக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் காரில் போவோம். ஆட்கள் இருந்து இளைப்பாறப் போட்டிருக்கிற ஒரு வாங்குவரை நடந்து திரும்புவோம். அடுத்த செவ்வாய் அந்த வாங்கிலிருந்து தொடங்குவோம்.

தெரபிஸ்ட் வீட்டுவேலையும் தந்தார். ஒவ்வொரு நடையிலும் தலையை இடப்பக்கம் திருப்பி, அங்கே கண்டவற்றில் ஐந்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

ஆறு ஓடும் திசைக்கு எதிராக அந்தக் கரையில் நடந்தால் ஆறு இடப்பக்கம். அதனால் போகும்போது எனக்கு ஆறு இல்லை. புல், மரம், சைக்கிள்காரர், எங்கிருந்தோ தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கடல் மாதிரி ஒரு ஆறு வலப்பக்கத்தில் கிடக்கும். போன பாதையும் வந்த பாதையும் ஒன்று என்பதை நம்ப மிகவும் கஷ்டப்பட்டேன்.

முதல் நாள் கொப்பியில் எழுதியது நினைவிருக்கிறது. காட்டு வாத்து. தோளில் சிவப்புப் பூசிய கருங்குருவி. கல்லில் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகம். வாயில் புல்லோடு நீந்திய பெரிய எலி போன்ற ஒன்று. பாதை ஓரத்துச் சரளையைப் பின்னங்காலால் கிண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஆமை. அந்த ஆமைக்காகக் கால்மணி நேரம் நின்றேன். அது என்னைப் பார்க்கவேயில்லை.

இரண்டாவது செவ்வாயில் நாரைகள் வந்தன.

சாம்பல் நிறம், நீண்ட கழுத்து. அந்தக் கரையில் நாரை நிற்பது புதினமில்லை. ஆனால் இவை நான் தலையைத் திருப்பாமலே தெரிந்தன. ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஆறோ ஏழோ வரிசையாக நின்றன. நான் நடந்தால் அவையும் என் பக்கத்திலேயே இருந்தன. கால் அசையவில்லை. சத்தமில்லை. எல்லாம் ஒரே பக்கம் தலையைக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ, எவ்வளவு நாரை பாத்தீங்களே?"

"எங்கயப்பா?"

"உங்களுக்குப் பக்கத்திலதான்."

என் கணவரின் குரல் மட்டும் வந்தது. "இஞ்ச ஒண்டும் இல்லை. நான் மட்டும்தான் நிக்கிறன்."

தலையைத் திருப்பினேன். அவர் நின்றார். ஆறு ஓடியது. நாரை ஒன்றும் இல்லை. நாணலை நாரை என்று நினைத்துவிட்டேன் என்று சமாளித்தேன். அவரும் நம்பியதுபோல் தலையாட்டினார். காரில் வரும்போது கொப்பியில் எழுதியிருந்த 'நாரை' என்ற சொல்லை எழுத்துத் தெரியாதபடி வெட்டினேன்.

அதன் பிறகு அவை வீட்டுக்கும் வந்தன. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால், காலைத் தேத்தண்ணி நேரத்தில் இரண்டு நின்றன. சேர்ச்சில் பூசை நடக்கும்போது என் வாங்கில் ஒன்று நின்றது. இது வேறு யாருக்காவது நடந்தால் பேய் பிடித்திருக்கிறது, பைத்தியம் என்று எங்கள் சனம் சொல்லும், எனக்கு நன்றாகத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூலையில் மருத்துவரிடம் போனோம். பிரெஞ்சு எனக்கு வேலைத்தலத்துக்குப் போதும், நோய்க்குப் போதாது. எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் நீளமாக ஏதோ கேட்டார். அபிரா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அங்க இல்லாத சாமான் ஏதும் உங்களுக்குத் தெரியிறதோ எண்டு கேக்கிறா. ஆக்கள், மிருகம், அப்பிடி ஏதும்?"

அவளின் முகத்தைப் பார்த்தேன். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து சமையலும் படிப்புமாக அவள் மெலிந்திருந்தாள். நான் சொல்லப்போவதை அவள் முதலில் கேட்கவேண்டும், பிறகு தன் வாயாலேயே இன்னொருவருக்குச் சொல்லவேண்டும். சொன்னால் லயாவும் வரமாட்டாள்.

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லு."

"நோன்," என்றாள் பிள்ளை. ஒரு சொல்லில் முடிந்தது. பிறகு தெரபிஸ்ட் என் கொப்பியைப் பாராட்டினார். அதில் என் கணவரும் கண்டவற்றை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

நான் எனக்கொரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தேன். இடப்பக்கம் சாம்பலாக ஏதாவது தென்பட்டால் கணக்கெடுப்பதில்லை. முகத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போய்விடுவேன். தெரபிஸ்ட் பழக்கியதற்கு நேர்மாறாக நான் என்னைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், தூறல். லயாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மச்சாள் அவளுக்குப் புதிதாகச் சாம்பல் நிற மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். நீரோட்டத்தின் இரைச்சல் கேட்கிற இடத்தில் ஒரு வாங்கு. மழை கூடுகிறது, குடை எடுத்துக்கொண்டு வருகிறேன், ஐந்து நிமிடம் என்று கணவர் கார்ப் பக்கம் போனார். நான்தான் போகச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாகப் பிள்ளையும் நானும் தனியே இருந்தோம்.

அவளை வலப்பக்கம் இருத்திக் கையைப் பிடித்திருந்தேன். அவள் பூனைக்குட்டி பற்றிப் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் ஒரு கதை சொன்னாள். மூக்கு ஒழுகியது. துடைக்கப் பையில் கடதாசி தேடினேன். கையை விட்டது அதற்காகத்தான்.

பழக்கதோஷத்தில் தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பியது. பார்வையின் விளிம்பில், நாணலுக்குள், தண்ணீரில் ஒன்று நின்றது. சாம்பல் நிறம். தலை குனிந்திருந்தது. அசையவில்லை. வந்துவிட்டீர்களா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏமாறவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகும் பைக்குள் கடதாசி தேடிக்கொண்டிருந்தேன்.

"லயா எங்க?"

கணவரின் குரல். நான் வலப்பக்கம் பார்த்தேன். ஈர வாங்கு.

அவர் குடையை எறிந்துவிட்டு என் இடப்பக்கத்துக்குள் ஓடி மறைந்தார். தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டது. நான் உடம்பு முழுவதையும் திருப்பியபோது அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். மழைக்கோட்டின் கீழ்ப்பாதி நனைந்து சொட்டியது. அதே நேரம் நாணலுக்குள்ளிருந்து ஒரு பெரிய நாரை எழும்பி, காலைத் தொங்கவிட்டபடி ஆற்றின் குறுக்கே பறந்தது. லயா அழவில்லை. அதைக் காட்டிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அந்த நாரையையா, என் பிள்ளையையா, என் தலைக்குள் இருந்த ஒன்றையா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றும் ஒரே நிறம், ஒரே குனிவு. அந்தக் கரையில் நின்றே கணவருக்கு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், உமக்கு ஏதோ தெரியுதெண்டு," என்றார் அவர். "கேக்கப் பயமா இருந்தது."

அடுத்த கிழமையே மருத்துவரிடம் போனோம். "அபிரா, நான் சொல்லுறதை ஒண்டும் விடாமல் அப்பிடியே சொல்லு," என்றேன். அவள் கேட்டாள். சுவரைப் பார்த்தாள். பிறகு நடுங்காத குரலில் சொல்லத் தொடங்கினாள். நாரையைக் குறிக்கிற ஹெரோன் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அது திரும்பத் திரும்ப வந்தது.

மருத்துவர் திடுக்கிடவில்லை. இது மனநோய் அல்ல, பேயும் அல்ல. படம் வராமல் போன இடத்தில் மூளை சும்மா இருக்கமாட்டாமல் தானாகப் படம் போடுகிறது. பலருக்கு வருகிறது, பலர் மறைக்கிறார்கள். கண்ணை இரண்டு பக்கமும் வேகமாக அசைத்தால் பெரும்பாலும் கலைந்துவிடும் என்றார். தொட்டுப் பார்ப்பதும் நல்லது. பிள்ளையைத் தனியே விடுவதைப்பற்றிப் பனிக்காலத்துக்குப் பிறகு பார்ப்போம். அதையும் அபிராதான் மொழிபெயர்த்தாள்.

மெட்ரோவில் அவள் என் இடப்பக்கம் இருந்தாள். குரல் மட்டும் வந்தது.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"உனக்குச் சொல்லாமல் டொக்டருக்குச் சொல்ல எனக்கு வழி இருக்கேல்லையடி."

என் தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது.

இதே நிலையில் இருந்து வாசிப்பவர்களுக்கு எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவராலும் தன் நோயைச் சொல்ல முடியாது.

ஒக்டோபரில் நீரோட்டம்வரை நடந்து முடித்தோம். லயாவும் வந்தாள், என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு. போகும் வழி முழுவதும் அவள் எனக்கு ஒரு சூடும் இழுவையும் மட்டும்தான். அந்தப் பக்கம் நாரைகளும் வந்தன. இப்போது நான் ஒன்றையும் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் நின்று, உடம்போடு திரும்பிப் பார்க்கிறேன். அதில் ஒன்று பிள்ளையாக இருந்துவிடலாம். அதனால் மற்றவர்கள் அரைமணியில் போகிற தூரம் எனக்கு ஒன்றரை மணி. எனக்கு உலகத்தில் பாதி எப்போதும் பிந்தித்தான் வருகிறது.

பின்னேரம் மச்சாள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார். கதவு சாத்திய பிறகும் சில நாள் என் இடக்கைக்குள் அந்தச் சிறிய கை இருக்கிறது. விரல்களின் சூடு, லேசான இழுவை. திரும்பிப் பார்க்கிறேன். யாருமில்லை. கண்ணை அசைத்துப் பார்க்கிறேன். அது போகவில்லை.

அதையும் அபிராவிடம் சொல்லிவிட்டேன்.